சான்டோரினிக்கு பதிலா நெய்யூர்? 2 நாள் குமரி ட்ரிப்... கடலில் கால் வைக்கும் முன் இதைப் படிங்க!

லீவு விட்டாச்சு. செல்போனைத் திறந்தால் தீவுகளாக வந்து விழுகின்றன. வெள்ளை வீடு, நீலக் கடல், பாறை உச்சியில் கலங்கரை விளக்கம் என சான்டோரினி, மால்டா, சைப்ரஸ் ரீல்ஸ் வரிசைகட்டுகின்றன. ஆசைதான். ஆனால் கிரீஸ், மால்டா போக எடுக்க வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு மட்டுமே பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ கட்டணம். விமான டிக்கெட், ஓட்டல் எல்லாம் தனிக்கணக்கு.

மத்திய தரைக்கடல் தீவுக்குப் போகிறவர்கள் அங்கே என்னதான் செய்கிறார்கள்? படகில் ஏறுகிறார்கள். பாறை மேல் நின்று சூரியன் மறைவதைப் பார்க்கிறார்கள். பழைய கோட்டை, அரண்மனைக்குள் சுற்றுகிறார்கள். கலர் மணலில் நடக்கிறார்கள். மீன் சாப்பிடுகிறார்கள். கடலில் நீந்துகிறார்கள்.

இந்த ஆறில் ஐந்து, கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரில் ரூம் போட்டாலே கிடைத்துவிடும். ஆறாவதுதான் சிக்கல். அது ஏன், எந்த நாளில் கடலை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும், இரண்டு நாளில் எங்கெல்லாம் போகலாம்? பார்க்கலாம்.

நெய்யூர் ஏன்?

கல்குளம் தாலுகாவில் இருக்கும் சின்ன ஊர் நெய்யூர். ஒரு பக்கம் தக்கலை, பத்மநாபபுரம். இன்னொரு பக்கம் குளச்சல், மண்டைக்காடு, முட்டம். ரயிலில் வருபவர்கள் நாகர்கோவில் - திருவனந்தபுரம் பாதையில் உள்ள இரணியல் நிலையத்தில் இறங்கலாம். பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே திங்கள்நகர் பஸ் நிலையம் இருக்கிறது.

சுற்றிப் பார்க்க வந்தவர் இங்கேயே தங்கிவிட்ட கதையும் நெய்யூருக்கு உண்டு. 1922 எவரெஸ்ட் பயணக் குழுவில் இருந்தவர் பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை மருத்துவர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். மலையிலிருந்து இறங்கியபின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். நெய்யூரில் 1838-ல் தொடங்கப்பட்ட மிஷன் மருத்துவமனைக்கு வந்தவர், அங்கே காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்து லண்டன் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட் போய், ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே 28,000 அடியைத் தொட்டுவிட்டுத் திரும்பியவர், 20 ஆண்டுகளுக்கு மேல் நெய்யூரில் கத்தி பிடித்தார். அந்த மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. நோயாளிகள் வந்துபோகும் இடம் என்பதால் உள்ளே போய் செல்ஃபி எல்லாம் வேண்டாமே!

முதல் நாள்: அரண்மனை, கோட்டை, பாறை

காலையில் முதலில் பத்மநாபபுரம் அரண்மனை. இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள தொல்லியல் துறை. திருவிதாங்கூர் மன்னர்கள் 1795 வாக்கில் தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றும் வரை ஆட்சி நடந்தது இங்கிருந்துதான். மரத்தில் இழைத்த மந்திரசாலை, தாய்க்கொட்டாரம், சுவரோவியங்கள் நிறைந்த உப்பரிகை மாளிகை என நிதானமாகப் பார்க்க 2 மணி நேரமாவது வேண்டும். கண்ணாடி போல மின்னும் கருப்புத் தரையைக் கவனியுங்கள். சிரட்டைக்கரி, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்கிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை, மதியம் இடைவேளை உண்டு. அதனால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

அடுத்து, பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. உள்ளூரில் டிலனாய் கோட்டை என்பார்கள். 1741-ல் குளச்சலில் டச்சு கிழக்கிந்திய கம்பெனி படையை மன்னர் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். அதில் சிக்கிய கைதிகளில் ஒருவர்தான் டிலனாய். அவரையே தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார் மன்னர். எதிரியாக வந்தவர் தளபதியாகி, 1777-ல் இறந்து, இதே கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் தமிழும் லத்தீனும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கோட்டை இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா.

மதியம் குளச்சல் பக்கம் இறங்கினால் அந்தப் போரின் வெற்றித்தூணையும் பார்த்துவிடலாம்.

சான்டோரினியின் கருப்பு மணல் எரிமலையிலிருந்து வந்தது. குளச்சலிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சி மணலும் கருத்து, சில இடங்களில் சிவந்து கிடக்கும். காரணம் எரிமலை அல்ல, தாதுக்கள். கருப்புக்கு இல்மனைட், சிவப்புக்கு கார்னெட். தோரியம் உள்ள மோனசைட்டும் இந்த மணலில் உண்டு. மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் இங்கே இயங்குவது இதற்காகத்தான்.

சாயங்காலம் முட்டம். ‘அலைகள் ஓய்வதில்லை’ பார்த்தவர்களுக்கு இந்தப் பாறைகளை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. செம்மண் மேடு, கீழே கரும்பாறை, மேலே கலங்கரை விளக்கம். சூரியன் மறைவதைப் பார்க்க செம ஸ்பாட். ஆனால் மேட்டில் நின்று பார்ப்பதோடு சரி. அலை தொடும் பாறைக்கு இறங்காதீர்கள். ஈரப்பாசியில் கால் வழுக்கினால் பிடிக்க எதுவும் இருக்காது.

இரண்டாம் நாள்: நம்ம ஊர் ‘தீவு’

விடிவதற்கு முன்பே கிளம்பினால் கன்னியாகுமரியில் சூரிய உதயம். அதன்பின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு. கரையிலிருந்து சுமார் அரை கிலோமீட்டரில் விவேகானந்தர் பாறை. நினைவு மண்டபம் திறக்கப்பட்டது 1970-ல். பக்கத்துப் பாறையில் 133 அடி திருவள்ளுவர் சிலை, 2000 ஜனவரி 1-ல் திறக்கப்பட்டது. கடல்மட்டம் தாழ்ந்தால் பாறைகளுக்கிடையே படகு போக முடியாமல் சிலைக்கான சவாரி அடிக்கடி ரத்தாகும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இரண்டு பாறைகளையும் இணைத்து 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் கட்டப்பட்டது. 2024 டிசம்பர் 30-ல் அது திறக்கப்பட்டது.

கூட்டம் பிடிக்காதா? அப்படியே எதிர்த்திசையில் மலைப்பக்கம் போங்கள். மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-ல் கட்டப்பட்டது. 28 தூண்கள், 115 அடி உயரம். மேலே தொட்டியில் கால்வாய்த் தண்ணீர் ஓட, பக்கவாட்டில் நீங்கள் நடக்கலாம். கீழே பறளியாறு. அங்கிருந்து திற்பரப்பு அருவி. குளிக்கணும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் இருந்தால், கடலை விட இதுதான் சரியான இடம். வெள்ளப்பெருக்கு வந்தால் இங்கும் தடை போடுவார்கள், கேட்டுவிட்டுப் போங்கள்.

என்ன சாப்பிடலாம்?

மரச்சீனிக்கிழங்கு அவித்து, தேங்காய் அரைத்த மீன் குழம்பு ஊற்றினால் அதுதான் குமரிச் சாப்பாடு. டீக்கடையில் பழம்பொரி, கையில் கொண்டுபோக நேந்திரன் சிப்ஸ், முந்திரிக்கொத்து. விரல் நீளத்தில் தேன் மாதிரி இனிக்கும் மட்டி வாழைப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மீன் பிரியர்களுக்கு ஒரு தகவல். ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் நடப்பது இங்கேதான். கிழக்குக் கடற்கரைப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம் இருக்கும் மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை விசைப்படகுகளுக்குத்தான். வள்ளங்களில் பிடிக்கும் மீன் அப்போதும் கரைக்கு வரும்.

சரி, நீச்சல் மட்டும் ஏன் கூடாது?

மத்திய தரைக்கடல் கிட்டத்தட்ட மூடிய கடல். பெருங்கடலோடு அதை இயற்கையாக இணைப்பது ஜிப்ரால்டர் ஜலசந்தி ஒன்றுதான், அதன் அகலம் சுமார் 14 கிலோமீட்டர். அட்லாண்டிக்கின் பெரிய அலைகள் உள்ளே வர வழியில்லை. அங்கேயும் புயல் வரும், ஆனால் பெரும்பாலும் காற்று அடிக்கும்போதுதான் அலையும் எழும்.

குமரிக் கடல் நேர்மாறு. கரையில் நின்று தெற்கே பார்த்தால் அன்டார்க்டிகா வரை பெரிய நிலப்பரப்பு எதுவும் குறுக்கே இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசும் புயல் கிளப்பிய அலைகள் சில நாட்கள் பயணம் செய்து நேராக இங்கே வந்து மோதும்.

மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் ‘கள்ளக்கடல்’. கள்ளன் மாதிரி சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். வானம் தெளிவாக இருக்கும், காற்றே இருக்காது, மழை இருக்காது. திடீரெனக் கடல் ஏறி கரைக்குள் வரும், அதே வேகத்தில் உள்ளே இழுக்கும். சுனாமி வேறு, இது வேறு. 2004 டிசம்பர் 26-ல் குளச்சல், மணக்குடியில் நூற்றுக்கணக்கானோரைப் பறித்தது நிலநடுக்கத்தால் வந்த அலை. கள்ளக்கடலுக்குக் காரணம் தொலைதூரப் புயல். கோடை விடுமுறைக் கூட்டம் கடற்கரையில் நிரம்பும் ஏப்ரல், மே மாதங்களில்தான் இது அதிகம்.

2024 மே 6-ம் தேதி ராஜாக்கமங்கலம் அருகே கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலையில் சிக்கி 5 பயிற்சி மருத்துவர்கள் உயிரிழந்தார்கள். திருச்சியிலிருந்து வந்தவர்கள், நண்பர்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனும் இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையத்தின் கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது அமலில் இருந்தது. ஆனால் கரையில் நிற்கும் வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது வெயில் அடிக்கும் சாதாரண நாளாகத்தான் தெரிந்திருக்கும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

கடலுக்குப் போகும் முன் 5 விஷயங்கள்

1. கிளம்பும் காலையில் இன்காய்ஸ் இணையதளத்தையோ மாவட்ட நிர்வாக அறிவிப்பையோ பாருங்கள். கள்ளக்கடல், உயர் அலை என்றிருந்தால் அன்றைக்கு அரண்மனை, தொட்டிப்பாலம் என்று பிளானை மாற்றுங்கள்.

2. கரையில் மீன் இறக்குபவர்களிடம், வலை பின்னுபவர்களிடம் “அண்ணே, கடல் எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். வள்ளங்களை மேலே இழுத்துக் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

3. கணுக்கால் தண்ணீர்தானே என்று நினைக்காதீர்கள். ஒரு அலை வந்து திரும்பும்போது காலடி மணலும் சேர்ந்து போகும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

4. உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட வேண்டாம், சோர்ந்துவிடுவீர்கள். மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்ததும் கரைக்கு வாருங்கள்.

5. ஒருவர் சிக்கினால் அடுத்தவர் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் மூழ்குவதுதான் பலமுறை நடக்கிறது. கயிறு, காலி கேன், டியூப் எது கிடைத்தாலும் வீசுங்கள், மீனவர்களைக் கூப்பிடுங்கள்.

எப்போது போகலாம்?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வசதியான காலம். குமரிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனுக்குப் பிறகு கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறை படகும் நிறுத்தப்படும். கோடையில்தான் வர முடியும் என்றால் சித்ரா பௌர்ணமியைக் குறிவைக்கலாம். கன்னியாகுமரியில் ஒருபக்கம் சூரியன் மறைய, மறுபக்கம் முழுநிலா எழுவதை ஒரே நேரத்தில் பார்க்கலாம். அதையும் கரையில் நின்றே பார்க்கலாம்.

செல்போனில் சேமிக்க வேண்டிய எண்கள்: அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077.