ஆயிரம் ரூபாயில் நின்றுபோன ஓய்வூதியம்

பி.எஃப். பிடித்தம் உள்ள ஆலைகளிலும் கம்பெனிகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு மாதாமாதம் வரும் பென்ஷன், 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்து வருவது. இ.பி.எஸ்.-95 என்றால் மில் தொழிலாளர்களுக்கு உடனே புரியும். நாடு முழுவதும் முக்கால் கோடிப் பேருக்கு மேல் இதில் ஓய்வூதியம் வாங்குகிறார்கள். குறைந்தபட்சத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் என்று மத்திய அரசு 2014 செப்டம்பரில் நிர்ணயித்தது. அதுவரை சில நூறு ரூபாய் மட்டும் வாங்கியவர்களுக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால் அதற்குப் பிறகு பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்த ஆயிரம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. இதற்கிடையில், எந்தச் சந்தாவும் கட்டத் தேவையில்லாத முதியோர் உதவித்தொகையைத் தமிழக அரசு 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தியது. அந்த 1,200 ரூபாயும் போதாது. இன்னும் கூட்டித் தர வேண்டிய தொகைதான் அது. ஆண்டுக்கணக்கில் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிடப்பட்ட பணத்தை நிதியில் சேர்த்த தொழிலாளி அதைவிடக் குறைவாக வாங்கும் நிலை எப்படி வந்தது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஓய்வூதியம் என்றதும் நம் பொது விவாதம் அரசு ஊழியர்களின் பழைய திட்டமா, புதிய திட்டமா என்ற இடத்துக்குப் போய்விடுகிறது. அந்த விவாதம் தேவையானதே. ஆனால் இரண்டு தரப்பும் அதிகம் பேசுவது முதல் மாதம் கைக்கு எவ்வளவு வரும் என்பதைப் பற்றி. என் பார்வையில் அதைவிட முக்கியமான கேள்வி வேறு: பதினைந்தாவது ஆண்டில் அந்தப் பணத்துக்கு என்ன வாங்க முடியும்? விலைவாசியை ஆண்டுக்கு 4 சதவீத உயர்வில் வைத்திருப்பது ரிசர்வ் வங்கிக்கு அரசு வகுத்துத் தந்திருக்கும் இலக்கு. அந்த இலக்கு துளியும் பிசகாமல் நிறைவேறினால்கூட, 58 வயதில் கிடைக்கும் நூறு ரூபாய் 78 வயதில் ஏறக்குறைய 46 ரூபாயின் மதிப்புக்கு வந்துவிடும். மருந்துச் செலவு ஏறுகிற வயதில், உழைத்துச் சம்பாதிக்க வழி இல்லாத வயதில், வருமானம் பாதியாகிறது. இது விலைவாசி கைமீறிப் போன காலத்தின் கணக்கு அல்ல. எல்லாம் சரியாக நடக்கும் காலத்தின் கணக்கு.

அரசு ஊழியர்களின் பழைய ஓய்வூதியத்துக்கு அந்த மதிப்பு வந்ததற்குக் காரணம், கடைசிச் சம்பளத்தில் பாதி என்பது மட்டும் அல்ல. ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலைப்படி உயர்வு அதோடு சேர்ந்து வந்தது. ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் சலுகை இல்லை, செய்த பணிக்கான உரிமை என்று 1982 டிசம்பர் 17-ஆம் தேதி நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த உரிமையை மாதாமாதம் உயிரோடு வைத்திருந்தது அகவிலைப்படிதான். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்த தமிழக அரசு ஊழியர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் (சி.பி.எஸ்.) தள்ளப்பட்டபோதும், 2004 ஜனவரி முதல் மத்திய அரசின் புதிய ஊழியர்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்குள் (என்.பி.எஸ்.) வந்தபோதும் கைவிட்டுப் போனது அதுவே. என்.பி.எஸ்.-இல் சேர்ந்த தொகையில் குறைந்தது 40 சதவீதத்துக்கு அரசு ஊழியர் ஆண்டுத்தொகைத் திட்டம் வாங்க வேண்டும். அப்படி வாங்கியதில் இருந்து வரும் மாதப் பணம் பொதுவாக முதல் நாள் எவ்வளவோ கடைசி நாளும் அவ்வளவே. தமிழக சி.பி.எஸ்.-இல் ஓய்வு பெற்றவர்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

இருபதாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு அரசுகள் இறங்கிவந்தன. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், 25 ஆண்டு சேவைக்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி உறுதி. அகவிலை நிவாரணமும் உண்டு. 2026 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த திட்டமும் இதே பாதையில் அமைந்தது. ஊழியர் தன் பங்கைக் கட்டுவார், விலைவாசியின் சுமையை அரசு ஏற்கும் என்பது இவற்றின் சாரம். பழைய திட்டத்துக்கும் புதியதற்கும் நடுவே இருக்கும் இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் அது கேட்டுப் பெறும் வலிமை உள்ளவர்களின் வாசலோடு நின்றுவிட்டது.

இ.பி.எஸ்.-95 கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் இந்த இடைவெளி விளங்கும். முதலாளியின் 12 சதவீதப் பங்கில் 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. ஆனால் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் 15,000 ரூபாய் வரைக்குமே அது பொதுவாகக் கணக்கிடப்படும். அதாவது மாதம் 1,250 ரூபாய். ஓய்வூதியம் என்பது கணக்கில் எடுக்கும் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் வருவது. 2014 செப்டம்பருக்கு முந்தைய சேவைக்கு 6,500 ரூபாய் என்ற பழைய வரம்பே பொருந்தும். ஆகவே 18 ஆண்டு அதற்கு முன்பும் 10 ஆண்டு அதற்குப் பின்பும் உழைத்து, 58 வயதில் வெளியே வந்த ஒரு நூற்பாலைத் தொழிலாளிக்கு மாதம் 4,000 ரூபாயை ஒட்டித்தான் கிடைக்கும். இடையில் வேலை விட்டுவிட்டு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுச் சேவையோடு நிற்கும் பெண் தொழிலாளர்களுக்கு ஆயிரம், ஆயிரத்துச் சொச்சம். அந்தத் தொகை பிறகு நகராது. திட்டம் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் ஆண்டுதோறும் சிறு உயர்வு தரப்பட்டது. 2000-க்குப் பிறகு அதுவும் நின்றுபோனது.

இதற்கு அரசு சொல்லும் பதில், நிதியில் பற்றாக்குறை என்பது. எதிர்காலத்தில் கொடுக்க வேண்டியதைக் கணக்கிட்டால் கையிருப்பு போதாது என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது. பொய் இல்லை. ஆனால் ஏன் போதவில்லை? ஓய்வூதியத்தைப் போலவே உள்ளே வரும் பணத்தையும் உறையவைத்ததுதான் காரணங்களில் ஒன்று. 15,000 என்ற உச்சவரம்பும் அதே 2014 செப்டம்பரில் வந்து அங்கேயே தங்கிவிட்டது. இந்த நிதிக்கு மத்திய அரசு தரும் பங்கு 1.16 சதவீதம், அந்த வரம்பின்படி ஒரு தொழிலாளிக்கு மாதம் அதிகபட்சம் 174 ரூபாய். தன் ஊழியர்களுக்கான ஒருங்கிணைந்த திட்டத்தில் அதே அரசின் பங்கு 18.5 சதவீதம். அரசு அங்கே முதலாளி, இங்கே இல்லை, எனவே ஒப்பிடக் கூடாது என்று வாதிடலாம். அதில் உண்மை இருக்கிறது, 18.5 சதவீதத்தை நானும் இங்கே கேட்கவில்லை. ஆனால் விலைவாசி உயர்வு முதலாளியும் தொழிலாளியும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளக் கூடிய விஷயம் அல்ல. அதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசிடமும் ரிசர்வ் வங்கியிடமும்தான் இருக்கிறது. அதனால் வரும் இழப்பில் ஒரு பகுதியை ஏற்பதும் அரசின் கடமையே.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பழைய ஓய்வூதியத்துக்குத் திரும்பினால் மாநிலங்களின் சுமை என்.பி.எஸ்.-ஐவிட நாலரை மடங்கு வரை போகலாம் என்று 2023 செப்டம்பர் ரிசர்வ் வங்கி இதழில் வந்த ஆய்வு கணித்தது. ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேசம் போன்ற மாநிலங்கள் திரும்பியதை ஒட்டி எழுந்த எச்சரிக்கை அது. வரிப்பணத்தில் பெரும் பங்கு சிலருக்கே போனால், ஓய்வூதியமே இல்லாத விவசாயக் கூலிக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் என்ன மிஞ்சும் என்ற கேள்வி நியாயமானது. இதே கேள்வியால்தான் நான் தொகையைவிட விலைவாசி இணைப்பை முன்னே வைக்கிறேன். ஒரு சிலருக்குப் பெரிய ஓய்வூதியம் தருவதைவிட, எல்லோருக்கும் தேயாத சிறிய ஓய்வூதியம் தருவது நிதிக்கும் தாங்கும், மனிதருக்கும் உதவும்.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2019-இல் வந்த ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தைப் பாருங்கள். 18 வயதில் சேர்பவர் மாதம் 55 ரூபாய் கட்டினால், அரசும் அதே அளவு போடும்; 60 வயதில் மாதம் 3,000 ரூபாய் உறுதி. விளம்பரத்தில் அந்த 3,000 பெரிதாகத் தெரியும். இடையே இருப்பது 42 ஆண்டு. விலைவாசி 4 சதவீதம் ஏறினால் அந்த 3,000-க்கு இன்றைய மதிப்பு 580 ரூபாய்கூட இல்லை. 2015-இன் அடல் பென்ஷன் திட்டத்தில் 18 வயதில் சேர்ந்து அதிகபட்சமான 5,000-ஐத் தேர்ந்தெடுத்தவருக்கும் இதே கணக்கில் ஆயிரத்துக்குள்தான் வரும். ஏழைகளுக்குச் செய்யப்படும் வாக்குறுதிகளில் விலைவாசி என்ற சொல்லே இல்லாமல் போவது என்னை வருந்த வைக்கிறது.

தொழிலாளி தானே சேமித்துக்கொள்ளலாமே, பி.எஃப். மொத்தத் தொகையும் கிடைக்கிறதே என்றும் கேட்கிறார்கள். அந்தத் தொகை மகளின் திருமணத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ போய்விடுகிறது. அதை ஊதாரித்தனம் என்று சொல்ல முடியாது. அதோடு, தான் 65 வரை வாழ்வோமா 90 வரை வாழ்வோமா என்று தனி மனிதருக்குத் தெரியாது. கோடிக்கணக்கானோர் சேர்ந்த நிதிக்கு அந்தச் சராசரி தெரியும். நீண்ட ஆயுளைத் தண்டனையாக்காமல் இருக்கவே பொது ஓய்வூதிய நிதி என்ற ஏற்பாடு உருவானது. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 1975 முதல் ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்பத் தானாகவே உயர்கிறது. ஒவ்வொரு முறையும் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

நம் இடத்தில் செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. ஆயிரம் ரூபாய் அடிமட்டத்தை முதலில் 2014-க்குப் பிந்தைய விலை உயர்வுக்கு ஈடாக உயர்த்தி, அதன் பிறகு ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டோடு கட்டிவிட வேண்டும். பங்களிப்புக்கான உச்சவரம்பும் அதே குறியீட்டோடு ஏற வேண்டும். அப்போதுதான் போகும் பணத்துக்கு ஈடாக வரும் பணமும் இருக்கும். புதிதாகக் குழு அமைத்து ஆராயவும் தேவையில்லை. பகத்சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு குறைந்தபட்சம் 3,000 ரூபாய் என்று 2013-லேயே பரிந்துரைத்தது. ஆண்டுக்கு 4 சதவீதம் கூட்டிக்கொண்டே வந்தால், பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த 3,000 ஏறக்குறைய 4,800 ஆகியிருக்க வேண்டும்.