பொதிகளின் மீள்நிறுவல்: ஒரு விளக்கம்

கணினியில் பழுது நேர்ந்தவிடத்து, முறைமை முழுவதையும் அழித்துப் புதிதாக நிறுவுவதே பரிகாரம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அட்டனுக்கு அண்மையிலுள்ள டிக்கோயா போன்ற தோட்டப்புற ஊர்களில் இவ்வெண்ணம் பெருநட்டத்தை விளைவிப்பதாகும். திருத்துநரை நாடி நகருக்குச் செல்லும் செலவு ஒருபுறமிருக்க, மாணவர் தட்டச்சிட்டுச் சேர்த்தவை யாவும் அவ்வழிப்பில் மறைந்துபோதல் கூடும். லினக்சு முறைமையில் பெரும்பாலும் இதற்கு அவசியமில்லை என்பதை விளக்குவதே எமது நோக்கமாகும்.

1993இல் தொடங்கப்பெற்ற டெபியன் திட்டத்தில் மென்பொருள்கள் 'பொதி'களாக வழங்கப்படுகின்றன. எப்பொதிக்கு எக்கோப்புக்கள் உரியவை என்ற பதிவேட்டினை டிபிகேஜி என்னும் கருவி பேணுகின்றது. ஏபிடி என்னும் கருவி அதன்மேல் நின்று, பொதிகளைத் தருவித்து, அவை ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் முறையினைக் கவனிக்கின்றது.

'லோகித் தமிழ்' எழுத்துருவின் கோப்புச் சிதைந்துவிட்டதெனக் கொள்வோம். வேறு தமிழ் எழுத்துரு இல்லாதவிடத்துத் திரையில் எழுத்துக்களுக்குப் பதிலாக வெறுங் கட்டங்களே தோன்றும். கோப்பு மாறியுள்ளதா என்பதை முதலில் டிபிகேஜியின் சரிபார்ப்புக் கட்டளையால் அறியலாம். பின்னர் ஏபிடியின் மீள்நிறுவல் கட்டளையை இடின், அப்பொதியின் கோப்புக்கள் மட்டும் புதிதாக எழுதப்படும். பொதியை நீக்கிப் பின் நிறுவுதல் இதனின் வேறானது. நீக்கும்போது அதனைச் சார்ந்த பொதிகளும் உடன் நீங்கிவிடும்.

மீள்நிறுவலுக்கும் எல்லையுண்டு. அமைவுக் கோப்புக்களிற் பயனர் செய்த மாற்றங்களை அது அப்படியே விட்டுவைக்கும். பயனரின் சொந்த ஆவணங்களையும் தீண்டாது. ஆகவே, பழுது அமைவிலேயே இருப்பின் எத்தனை முறை மீள்நிறுவினும் பயனில்லை. அவ்விடத்து அமைவினைத் திருத்துதல் வேண்டும். அன்றேல் பொதியை அமைவுக் கோப்புக்களோடு முற்றாகக் களைந்து நிறுவுதல் வேண்டும்.

பொதிக்கோப்புக் கைவசமிருப்பின் இணையமும் வேண்டுவதில்லை. நகரிலுள்ள கணினியொன்றில் அதனை இறக்கி, பென்டிரைவிற் கொணர்ந்து, டிபிகேஜி மூலம் நிறுவலாம். லோகித் எழுத்துருக்கள் 2011 முதல் திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் வழங்கப்படுவதால், அயற்பாடசாலைக்குப் படியெடுத்துக் கொடுப்பதும் முறையானதே.

மலையகப் பாடசாலைகளிற் கணினி கற்பிப்போர் தட்டச்சுப் பயிற்சியோடு நில்லாது, பழுது பொதியிலா அமைவிலா என்று பகுத்தறியும் இம்முறையினையும் பாடமாக்குதல் வேண்டும் என்பது எமது துணிபு.