தோலும் ஒளியும் – 9: கறுத்துப்போகும் புருவம்

அழகு நிலையத்தில் நிரந்தர ஒப்பனையாக, இளம்பழுப்பு மையைத் தோலில் குத்தி வரைந்த புருவம். நிறம் பிடிக்கவில்லை, எடுத்துவிட வேண்டும் என்று வருகிறார் ஒரு பெண். லேசர் பட்ட சிறிது நேரத்திலேயே அந்த இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடுகிறது. லேசரால் பச்சையை அகற்றக் கற்பவர்கள் கருவியைத் தொடுமுன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விபத்து இது.

கோளாறு நிறமியில் இருக்கிறது. பச்சை குத்தும் கறுப்பு மை பெரும்பாலும் கரி. நிரந்தர ஒப்பனையின் பழுப்பிலும் சிவப்பிலும் இருப்பது பல நேரம் இரும்பு ஆக்சைடு, அதாவது துரு. நிறத்தை வெளிறச் செய்ய டைட்டானியம் டை ஆக்சைடு சேர்ப்பார்கள். லேசரின் சூட்டில் துரு ஆக்சிஜனை இழந்து கறுக்கிறது. டைட்டானியம் நீலம் கலந்த சாம்பலாகிறது. குறிப்பிட்ட நிறமியை மட்டும் ஒளியால் தாக்கலாம் என்ற கோட்பாட்டை 1983-ல் ஜான் பாரிஷுடன் சேர்ந்து ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் ராக்ஸ் ஆண்டர்சன். அந்தக் கோட்பாடு காலை வாரும் இந்த இடத்தைப் பத்தாண்டு கழித்து, 1993-ல், மருத்துவ இதழில் பதிவு செய்ததும் அவருடைய குழுவே!

அதனால்தான் புருவம், உதடு என்றால் முதல் நாளே முழுதாகச் சுடக் கூடாது. கண்ணில் படாத ஓர் ஓரத்தில் ஓரிரு லேசர் துடிப்பு மட்டும். உடனே தோல் வெண்பனி படர்ந்ததுபோல் வெளுக்கும். அது அடங்கிய பிறகே நிறம் மாறியதா என்று பார்க்க முடியும். கறுத்தாலும் மேலும் பல அமர்வுகளில் சிலருக்கு மறையும். எல்லோருக்கும் அல்ல.

அடுத்தது நேரக் கணக்கு. மைத்துகள் உடைய வேண்டும், சுற்றியுள்ள திசு வேகக் கூடாது. நானோ நொடி, பிக்கோ நொடித் துடிப்புகள் இதற்குத்தான். முடி அகற்றும் கருவியின் துடிப்பு மில்லி நொடிக் கணக்கில் நீளும். கையில் இருக்கிறதே என்று அதைப் பச்சையின் மேல் வைத்தால் மிஞ்சுவது தழும்பு.

மாநிறத் தோலில் இன்னொரு சிக்கல். 532 நானோமீட்டர் ஒளி சிவப்பு மையை உடைக்கும். ஆனால் தோலின் மெலனினும் அதைத் தாராளமாக உறிஞ்சிக்கொள்ளும். கொப்புளம், வெள்ளைத் திட்டு வரலாம். 1064 ஆழமாகப் போகும், மெலனினை அவ்வளவாகச் சீண்டாது, கரிக்கும் ஏற்றது. பாட்டியின் முன்கையில் உள்ள பழைய பச்சை லேசருக்கு வழிவிடும். பேத்தியின் புருவம்தான் தகராறு செய்யும்.

1064 கண்ணுக்குத் தெரியாத ஒளி. விழித்திரை சுட்டுப்போவது சம்பவம் நடந்த பிறகே தெரியும். அறையிலுள்ள அனைவருக்கும் கண்ணாடி உண்டு, அதுவும் அந்தந்த அலைநீளத்துக்கு உரியது. இமையோரத்தில் வேலை என்றால், மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, இமைக்கு அடியில் உலோகக் கவசம் பொருத்துவார்கள்.

இவ்வளவையும் யார் கற்க வேண்டும்? ஜெர்மனி கறாராக ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்நாட்டு அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015-ல், நீல நிறமி ஒன்றின் மீது ரூபி லேசரைப் பாய்ச்சியபோது நச்சுப் பொருள்களான பென்சீனும் ஹைட்ரஜன் சயனைடும் உண்டாவதைச் சோதனைக்கூடத்தில் கண்டார்கள். 2020 டிசம்பர் 31 முதல், பச்சையையும் நிரந்தர ஒப்பனையையும் லேசரால் அகற்றுவது அங்கே மருத்துவர்களுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்ட வேலை. வெறும் மருத்துவப் பட்டமும் போதாது. இதற்கென மேற்படிப்போ பயிற்சியோ பெற்றிருக்க வேண்டும்.