நாய்க்குட்டிக்குக் கழிப்பிடப் பழக்கம்

பிறந்த நாய்க்குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாய்நாய் அடிவயிற்றையும் பின்புறத்தையும் நக்கித் தூண்டினால்தான் கழியும். அந்தக் கழிவையும் தாயே நக்கி எடுத்துவிடுவதால் படுக்கை சுத்தமாக இருக்கும். ஏறத்தாழ மூன்று வாரமானதும் குட்டி தள்ளாடித் தள்ளாடிப் படுக்கையை விட்டு விலகிப் போய்க் கழிக்கத் தொடங்குகிறது. படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யாதிருப்பது அதன் பிறவிக் குணம். நாம் தரும் பயிற்சி முழுவதும் அந்தக் குணத்தை நம்பித்தான் இருக்கிறது.

பிறகு ஏன் கூடத்தில் குளம் கட்டுகிறது? குட்டியின் கணக்கில் படுக்கை மட்டுமே வீடு. கூடத்தின் மறுமூலை வெளியிடம். அதனால் முதல் சில வாரங்கள் வீடு முழுக்க ஓடவிடாதீர்கள். தடுப்பு வைத்த சிறிய இடம் போதும். பழகப் பழக எல்லையை விரியுங்கள்.

அடுத்தது நேரம். தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்ட அரைமணிக்குள்ளும் வெளியே கொண்டுபோக வேண்டும். இரைப்பை நிறைந்தால் பெருங்குடல் அசையத் தொடங்கும். அதனால்தான் சாப்பாட்டு வேளை ஒழுங்காக இருந்தால் கழிக்கும் வேளையும் ஒழுங்குக்கு வருகிறது. இரண்டு மாதக் குட்டியால் பகலில் அதிகம் போனால் மூன்று மணி நேரம் அடக்க முடியும். இரவிலும் ஒருமுறை எழவேண்டியிருக்கும். தரையை மோந்துகொண்டு வட்டமிட்டால் உடனே தூக்குங்கள்.

தினமும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோங்கள். தடுப்பூசிகள் முடியும்வரை தெருநாய்கள் நடமாடும் இடம் வேண்டாம், குட்டிகளுக்கு ஆபத்தான பார்வோ வைரஸ் அங்கே காத்திருக்கலாம். மொட்டை மாடியோ சொந்தத் தோட்டமோ நல்லது. கழித்து முடித்த அந்தக் கணமே, அங்கேயே பாராட்டித் தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று நினைத்துக்கொள்ளும்.

மூக்கைக் கழிவில் தேய்ப்பதும் அடிப்பதும் கொடுமை, பயனும் கிடையாது. தப்புச் செய்ததை உணர்ந்துதான் நாய் முகத்தைத் தொங்கவிடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்தார். தப்புச் செய்யாத நாயும் திட்டு வாங்கினால் அதே முகத்தைக் காட்டியது. அடிவாங்கும் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றுதான்: உங்கள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போய்க் கழிப்பது.

கழித்த இடத்தை நொதி கலந்த திரவத்தால் துடையுங்கள். பினாயில் நம் மூக்கை ஏமாற்றும். நாயின் மோப்பத்தை ஏமாற்றாது. வாசனை மிஞ்சினால் குட்டி அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

பெரும்பாலான குட்டிகள் ஆறு மாத வயதையொட்டிப் பழகிவிடுகின்றன. பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் அது சிறுநீர்ப்பாதைத் தொற்றாக இருக்கலாம். திட்டாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.