கித்தார் ஊமையானால் யாரைத் தேடுவது?

திருவிழாவுக்கு இன்னும் பத்தே நாள். லயத்துப் பையன்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டின் நடுவில் மின் கித்தார் திடீரென்று ஊமையாகிவிடுகிறது. வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? பட்டணத்தில் முதலில் கண்ணில் படும் கடைக்குத்தானே ஓடுவீர்கள்? என்னிடம் படித்த பையன் ஒருவனும் அப்படித்தான் ஓடினான்.

கடைக்காரர் கித்தாரைத் திறந்து பார்த்தார். "பிக்கப் எரிந்துவிட்டது, புதிது போட வேண்டும்" என்றார். கூலியோடு 280 வெள்ளி ஆயிற்று. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தக் கணக்கில் 280 வெள்ளி என்பது நான்கு நாளைக்கு மேற்பட்ட கூலி. பால்மரம் வெட்டும் அவன் தாயார்தான் அதைக் கொடுத்தார். நான்காம் நாள் கித்தார் மறுபடியும் ஊமையாயிற்று. "இதுவும் எரிந்துவிட்டது" என்றாராம் கடைக்காரர். தாயாரிடம் சொல்ல வாயில்லாமல் பையன் என்னைத் தேடி வந்தான்.

எனக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. ஆனால் யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியும். வாராவாரம் கல்யாண மண்டபங்களில் வாசிக்கும் இசைக்குழுக்காரர்களைப் போய்க் கேட்டோம். மூன்று பேரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். ஈப்போவில் ஒரு மாடியறையில் வேலை செய்யும் சீனப் பெரியவர். விளம்பரப் பலகைகூட இல்லை!

திறக்கும் முன் கேட்டவர்

பெரியவர் கித்தாரைத் திறக்கவில்லை. முதலில் மலாயில் கேள்வி கேட்டார். "சத்தம் ஒரேயடியாக நின்றதா, விட்டுவிட்டு நின்றதா? வயரை அசைத்தால் வந்ததா?" பிறகு தம்முடைய வயரையும் தம்முடைய ஆம்பிளிபயரையும் போட்டுப் பார்த்தார். ஒரு சிறிய திருப்புளியால் பிக்கப்பை மெல்லத் தட்டினார். சத்தம் இல்லை. வயர் செருகும் சாக்கெட்டை விரலால் அழுத்தினார். உடனே ஸ்பீக்கரில் "டக் டக்" என்று கேட்டது! சாக்கெட்டின் நட்டு தளர்ந்திருந்தது. ஒவ்வொரு முறை வயரைச் செருகும்போதும் சாக்கெட் சுற்றிச் சுற்றி, உள்ளேயிருந்த மெல்லிய கம்பி அறுந்து போயிருந்தது. முன்பு கடையில் திறந்து மூடியபோது அது தற்செயலாக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் நான்கு நாள் பாடியது.

நல்ல வேளையாகப் பையன் பழைய பிக்கப்பைக் கேட்டு வாங்கி மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தான். பெரியவர் அதை மீட்டரில் வைத்தார். முள் 6,000 ஓம்ஸுக்குச் சற்று மேலே நின்றது. "இது சாகவில்லையே, தம்பி" என்றார். பையன் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமுடி அளவே உள்ள செம்புக் கம்பியை 7,000, 8,000 சுற்றுகள் சுற்றிய ஒரு சுருள். தந்தி அதிரும்போது அதில் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது. அந்த மின்சாரத்துக்குச் சுருளை எரிக்கும் வலு கிடையாது. வேர்வையாலும் நம் நாட்டு ஈரக் காற்றாலும் துரு ஏறிக் கம்பி அறுந்து போகலாம். அறுந்திருந்தால் மீட்டர் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே யாராவது "எரிந்துவிட்டது" என்றால், "மீட்டரில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

நல்ல ஆளுக்கு அடையாளம்

நல்ல பழுது பார்ப்பவர் திறப்பதற்கு முன் கேட்பார், வாசித்துப் பார்ப்பார். கூலியை முன்கூட்டியே சொல்வார். கழற்றிய சாமானைத் திருப்பிக் கொடுப்பார். தெரியாததைத் தெரியாது என்பார். ரேடியோவில் கெட்டிக்காரராக இருப்பவருக்குக் கித்தாரின் கழுத்து தெரியாமல் இருக்கலாம். கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி உண்டு. கழுத்து வளைந்தால் அதைத் திருகிச் சரிசெய்வார்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருகக் கூடாது. பலத்தைக் காட்டினால் கம்பி முறியும், கித்தாரும் பாழாகும்.

இன்னொரு காரணத்துக்காகவும் ஆளைப் பார்த்தே கொடுக்க வேண்டும். கித்தாரின் தந்திகள் ஆம்பிளிபயரின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் சரியில்லாத மேடையில் தந்தியைத் தொட்டபடி மைக்கைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. 1972 மே 3ஆம் தேதி, வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், 'ஸ்டோன் தி குரோஸ்' குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். நம் கோயில் திடல்களிலோ மழை ஈரம் வேறு! மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை ஒருபோதும் வெட்டாதீர்கள். வால்வு ஆம்பிளிபயரை நீங்களாகத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பல நூறு வோல்ட் தங்கியிருக்கும்.

கடைக்கு ஓடுமுன் வீட்டிலேயே மூன்று காரியம் செய்யலாம். வேறு வயரைப் போட்டுப் பாருங்கள். வேறு ஆம்பிளிபயரில் செருகிப் பாருங்கள். சாக்கெட்டின் நட்டு ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் சாக்கெட் சுற்றாதபடி பிடித்துக்கொண்டு முடுக்குங்கள். பாதித் தொல்லை இதிலேயே தீரும்.

பெரியவர் அறுந்த கம்பிக்குத் தாமே ஈயம் வைக்கவில்லை. சூடான கோலைப் பையன் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று பற்ற வைக்கச் சொன்னார். கூலி 20 வெள்ளி. திருவிழாவின் இரண்டாம் இரவு கித்தார் பாடியது.

அன்றிரவே பையன் தாயாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அந்த அம்மாள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஏன்டா, நாலு பேரைக் கேட்டுட்டு அப்புறமா கொடுத்திருக்கக் கூடாதா?"

இவ்வளவு எழுதியும் நான் சொல்ல வந்தது அந்த ஒரு வரிதான், வாசகர்களே.