தொடர் நீட்சியும் வரலாற்றுப் புனைவும்

வரலாற்றுப் புனைவுக்கு முடிவு முன்னரே வரையறுக்கப்பெற்றது. ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். உத்தம சோழன் அரியணை ஏறினான். 985இல் முதலாம் இராசராசன் முடிசூடினான். இவற்றை எழுத்தாளர் எவரும் மாற்றுதல் இயலாது. ஆயின், எல்லை வகுக்காது தொடங்கப்பெறும் தொடருக்கு நீளம் வரையறுக்கப்படுவதில்லை. முடிவு நிலைத்தும் நீளம் நிலையாதும் உள்ள இவ்விடத்துப் புனைவின் தரம் எங்ஙனம் மாறுகின்றது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

இதற்குத் தமிழில் சிறந்த சான்று, கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்'. அதன் ஐந்து பாகங்கள் முறையே 57, 53, 46, 46, 91 அதிகாரங்களைக் கொண்டவை. இறுதிப் பாகம் நான்காம் பாகத்தினும் ஏறத்தாழ இருமடங்கு நீண்டது. முடிச்சுகள் பெருகப் பெருக, அவிழ்த்தற்கு வேண்டிய இடமும் பெருகும் என்பதற்கு இவ்வெண்களே போதும். ஆடிப்பெருக்கில் தொடங்கும் கதை ஓராண்டு நிறையுமுன் முடிகின்றது. அதனைச் சொல்ல மூன்றரை ஆண்டுகள் ஆயின. 293 அதிகாரங்களுக்குப் பின்னரும், மாந்தர் பின்னாளில் என்ன ஆயினர் என்று கூற ஆசிரியர்க்கு ஒரு முடிவுரை வேண்டியதாயிற்று.

இந்நீட்சி எங்கு இடங்கொள்கின்றது? கல்வெட்டு வாய்மூடிய இடங்களிலே. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, குந்தவையை வல்லவரையர் வந்தியதேவரின் தேவியாகச் சுட்டுகின்றது. அப்பெயரளவே கிடைத்தமையால் வந்தியதேவன் கதை முழுவதும் அலைந்து திரிய உரிமை பெற்றான். சுந்தர சோழர்க்கோ அவ்வுரிமை இல்லை. அவர் நோய்ப்படுக்கையில் காத்திருக்கின்றார். வரலாற்று மாந்தர் அசையாது நிற்க, புனைவு மாந்தர் ஓடியாடுவது தொடர்களின் பொதுவியல்பு. மறைந்திருந்து கேட்டல், மாறுவேடம், சுரங்க வழி, உரியவரைச் சேராத ஓலை ஆகியன காலத்தைத் தாழ்த்தும் கருவிகள். கல்கி இவற்றை நகைச்சுவையால் காத்தனர். அத்திறன் இல்லாதார் கையில் இவை வெறுஞ்சடங்காகிவிடும்.

நீட்சி அனைத்தும் குற்றமோ எனின், அன்று. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் மணிரத்னம் இயக்கி வெளிவந்த இரு படங்களில் மணிமேகலை என்னும் பாத்திரமே இல்லை. அதனாற் கதை அறுந்துவிடவில்லை. எனினும் நாவலின் இறுதி அதிகாரத்தைத் தாங்கி நிற்கும் இரக்கம் அவளோடு போயிற்று. கதைக்கு வேண்டாதவள் நூலுக்கு வேண்டியவளாக இருந்தாள் என்பதே யாம் கருதுவது. வார இதழின் நிதானம் தந்த பேறு அவள்.

தொலைக்காட்சியில் நிலை வேறு. ஆங்கு ஒரு கை எழுதுவதில்லை. கதை, திரைக்கதை, உரையாடல் எனப் பலர் பகிர்கின்றனர். தொடரின் வாழ்நாளை அறுதியிடுவது கதையன்று, பார்வையாளர் தொகையும் விளம்பரமுமே. மாலையில் ஆனையூர்த் தெருக்களில் நடப்போர், வீட்டுக்கு வீடு ஒரே உரையாடல் தொடர்ந்து கேட்பதனை அறிவர். இடையிற் சில நாள் விடினும் கதை பெரிதும் நகர்ந்திராது என்பதனையும் அறிவர். 1987இல் தூர்தர்சனில் தொடங்கிய இராமாயணத் தொடர் 52 பகுதிகளுக்குத் திட்டமிடப்பெற்று 78 வரை நீட்டிக்கப்பட்டது. 2013இல் தொடங்கிய 'சோதா அக்பர்' இந்தித் தொடரோ 500 பகுதிகளையும் கடந்தது. பேரரசரின் ஆட்சி முறையும் போரும் பின்தள்ளப்பட்டு, அரண்மனை மாமி மருமகள் பூசல் நிகழும் இல்லமாகச் சுருங்கிற்று. உடை பழையது, உள்ளே நடப்பது நம் காலத்துக் குடும்பத் தொடரே.

எல்லை வகுத்த தொடர்களோடு ஒப்பிடின் இவ்வேறுபாடு புலனாகும். சியாம் பெனகல் 1988இல் நேருவின் நூலை அடியாகக் கொண்டு அமைத்த 'பாரத் ஏக் கோஜ்' 53 பகுதிகளில் நின்றது. 1991இல் தொடங்கிய 'சாணக்கியா' 47இல் நின்றது. காட்சிகளின் எளிமையைக் குறை கூறுவோர் உளர். ஆயினும் எந்நிகழ்ச்சிக்கு எவ்வளவு இடம் என்னும் அளவறிவு அவற்றில் உண்டு.

இவ்வளவறிவு நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரப் பதிகம் கதையையும் முன்னரே உரைத்து, முப்பது உறுப்புகளையும் நிரல்பட எண்ணிவிடுகின்றது. கோவலன் மதுரையில் வெட்டுண்பான் என்பதனை அறிந்தே நாம் மதுரைக் காண்டத்துட் புகுகின்றோம். 'அடுத்து என்ன' என்னும் வினாவை முதற்கண்ணே தீர்த்துவிட்டமையால், அடிகட்கு மாதரியின் இல்லத்தில் கண்ணகி சமைத்திடும் அவ்வொருவேளை உணவைப் பாட இடம் கிடைத்தது. தொடர் எழுத்தாளர்க்கு இல்லாத உரிமை இது.

இதனை இலக்கியச் சுவை பற்றிய வழக்காக மட்டும் எண்ணுதல் ஆகாது. நாள்தோறும் ஆண்டுக்கணக்கில் இல்லம் புகும் புனைவு, ஒருமுறை படிக்கும் கல்வெட்டினும் ஆழப் பதிகின்றது. நந்தினியைச் சோழர் வரலாற்று மாந்தராகக் கொண்டு எழுதும் முதுகலை மாணவர் இன்றும் உளர். இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சார்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலிய உடன்பிறந்தாரைக் கூறுகின்றது. அவர்தம் உடைமையையும் உறவினர் உடைமையையும் பறித்து விற்றமையைக் கூறுகின்றது. நந்தினி என்னும் பெயர் அதன்கண் இல்லை.