சாவிக்குள் ஒரு மின்கலம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சாவி என்றால் பல் இருக்க வேண்டும், பூட்டு என்றால் துளை இருக்க வேண்டும் என்று எண்ணியிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் நிற்கும் கார்களில் பலவற்றுக்குத் துளையில் நுழைக்கும் சாவி தேவையில்லை. சட்டைப் பையில் ஒரு சிறு கறுப்புப் பெட்டி இருந்தால் போதும். கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கிறது. பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் ஓடுகிறது. விற்பவர்கள் இதனை ஸ்மார்ட் கீ என்பார்கள். நம் டிரைவர்களுக்கு இது ரிமோட் சாவி.

இதில் மந்திரம் ஏதுமில்லை. நாம் கைப்பிடியைத் தொட்டதும் கார் சுமார் 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓர் அலையை அனுப்பி, "யாரங்கே?" என்று கேட்கிறது. அந்த அலை ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் எட்டாது. அருகிலுள்ள சாவி விழித்துக்கொண்டு, பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் தன் இரகசியக் குறியீட்டைத் திருப்பிச் சொல்கிறது. கேள்வி கேட்பது காரின் 12 வோல்ட் பேட்டரியின் செலவில். பதில் சொல்வது சாவிக்குள் இருக்கும் பட்டன் செல்லின் செலவில். ஆகவே செல் தளர்ந்தால் சாவி ஊமையாகிவிடும்.

அந்த ஊமைச் சாவி எவ்வளவு தொல்லை தரும் என்பதை என் தாய்மாமா அறிவார். அவர் கருணாபுரத்தில் ஆக்டிங் டிரைவர். பிறர் காரை நாட்கூலிக்கு ஓட்டுபவர். சென்ற மார்கழியில் ஓனரின் உறவினர்களைக் கல்வராயன் மலைக்கு அழைத்துச் சென்றார். வெள்ளிமலையில் விடியற்காலைக் குளிரில் கார் திறக்கவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து மாற்றுச் சாவி பஸ்ஸில் வந்து சேரப் பிற்பகல் ஆயிற்று. அன்றைய கூலி போனது மட்டுமல்ல. ஒரு பணிமனையில் செல்லை மீட்டரில் வைத்துப் பார்த்து, "2.87 வோல்ட் இருக்கிறது, பேட்டரி நன்றாகத்தான் உள்ளது, சாவிதான் போய்விட்டது" என்று கூறிப் புதுச் சாவிக்குப் பல ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். அதில் பாதி மாமாவின் தலையில் விழ இருந்தது. "நம்ம வூட்ல காலேஜ் படிக்கிறவன் நீ ஒருத்தன்தான். என்னான்னு பாரு மாப்ளே" என்று செல்லை என் கையில் கொடுத்தார்.

நண்பர்களே, பொட்டென்ஷியோமீட்டரை வைத்து மின்கலத்தின் அகத்தடை காணும் சோதனையை நாம் அனைவரும் செய்து, ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையொப்பமும் வாங்கியிருக்கிறோம். அதற்கு வெளியுலகில் என்ன பயன் என்று நான் கேட்டதுண்டு. பயன் இதுதான். வெறும் மீட்டர் செல்லிலிருந்து மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. ஆகவே அது காட்டுவது மின்னியக்கு விசையை. செல்லின் தெம்பை அன்று. ஆய்வகத்தில் அதே செல்லின் குறுக்கே 200 ஓம் தடை ஒன்றை இணைத்தேன். 2.87 வோல்ட் சரிந்து 2.0 வோல்ட் ஆயிற்று. மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர். உள்ளே விழுந்தது 0.87 வோல்ட், எனவே அகத்தடை 87 ஓம். கடையில் வாங்கிய புதுச் செல்லுக்கு இதே கணக்குப்படி 13 ஓம்தான் வந்தது.

சாவி உறங்கும்போது சில மைக்ரோ ஆம்பியர்களே செலவாகும். பேசும்போது மட்டும் ஒரு கணம் பல மில்லி ஆம்பியர் வேண்டும். அந்தக் கணத்தில் தளர்ந்த செல்லின் மின்னழுத்தம் படுத்துவிடுகிறது. குளிரில் செல்லுக்குள் அயனிகளின் நகர்ச்சி மந்தமாவதால் அகத்தடை மேலும் கூடும். மலையில் காலையில் மறுத்த சாவி ஊருக்கு வந்து வெயிலில் ஓரிரு முறை வேலை செய்ததற்கும் இதுவே காரணம். புதுச் செல் போட்டதும் சாவி பேசிற்று. மாமாவிடம் பிறகு யாரும் பணம் கேட்கவில்லை. நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் செல்லை முதலில் மாற்றிப் பார்க்க ஏன் தோன்றவில்லை என்பதை நான் ஆராயப் போவதில்லை!

சரி, கடையே இல்லாத இடத்தில் என்ன செய்வது? செல்லைக் கழற்றி உள்ளங்கையில் சில நிமிடம் வைத்துச் சூடேற்றிப் போட்டால் ஒரு முறை திறக்கக் கூடும். திறக்காவிட்டால் அந்தக் கறுப்புப் பெட்டியின் விளிம்பிலுள்ள சிறு பிடியைத் தள்ளி இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே உலோகச் சாவி ஒன்று ஒளிந்திருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவில் அதற்குத் துளையும் உண்டு. சில கார்கள் அப்போது திருடன் வந்ததாக அலறும், அஞ்ச வேண்டாம்.

எஞ்சினை ஓடச் செய்வதுதான் இதில் அழகான பகுதி. பல கார்களில் ஸ்டார்ட் பொத்தானின் பின்னால் ஒரு கம்பிச்சுருள் உள்ளது. சாவிப் பெட்டியைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்து, அந்தப் பெட்டியாலேயே பொத்தானை அழுத்த வேண்டும். சுருளின் மாறும் காந்தப்புலம் சாவிக்குள் இருக்கும் சிறு சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. சாவியின் சில்லு அந்தக் கடன் மின்சாரத்தில் தன் குறியீட்டைச் சொல்லிவிடும். 1831 இல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. செல் அறவே இல்லாவிட்டாலும் நடக்கும். சில கார்களில் பெட்டியை வைக்க வேண்டிய இடம் வேறாக இருக்கும். வண்டியோடு தந்த கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். ஆனால் காரின் 12 வோல்ட் பேட்டரியே இறங்கி விளக்குகள் மங்கிக் கிடந்தால் இந்த வித்தை பலிக்காது.

புதுச் செல் வாங்கும்போது பழையதன் மேலுள்ள எண்ணைப் பாருங்கள். பல சாவிகளில் இருப்பது சிஆர் 2032: விட்டம் 20 மில்லி மீட்டர், கனம் 3.2 மில்லி மீட்டர். சிஆர் 2025 க்கும் அதே 3 வோல்ட்தான், கனம் 2.5 மில்லி மீட்டரே ஆகையால் தொடுமுனை சரியாகப் படாது. செல் போட்ட சாவியை டி.வி.யின் அருகில் வைத்துவிடாதீர்கள். அதன் அலைகளால் சாவி ஓயாமல் விழித்து, செல் விரைவில் தேயும்.

பழைய செல்லைக் குழந்தைகள் கையில் விளையாடக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது மிகவும் ஆபத்தானது. சாவிக்கு உதவாத அந்தச் செல்லிலும் 2.87 வோல்ட் இருந்ததை மறக்கலாகாது. அது உணவுக்குழாயில் சிக்கினால், அங்குள்ள ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து கடுங்காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்திலேயே சதை வெந்துவிடக் கூடும். இக்காரணம் பற்றியே அமெரிக்காவில் 2022 இல் தனிச் சட்டம் இயற்றினார்கள். இருபுறமும் டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வைத்திருந்து, மின்கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள். குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்-ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே தூக்கிச் செல்லுங்கள்.